கிரேக்க, ரோமானியக் கோயில்களில் பக்தி இருந்ததா, பேரம் மட்டும்தானா?

#1 வைகைக்கரை

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ரோமானியர்களுக்குப் பக்தி என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்ததெல்லாம் கொடுக்கல் வாங்கல். ‘இந்தச் சண்டையில் ஜெயித்தால் உனக்குக் கோயில் கட்டுகிறேன்’ என்று தளபதி நேர்ந்துகொள்வார். ஜெயித்தால் கட்டுவார், தோற்றால் பேச்சே இல்லை. குடியரசுக் காலத்தில் ரோம் நகரில் எழுந்த கோயில்களில் கணிசமானவை இப்படி வந்தவைதான்.

படித்தவர்களோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாலிபியஸ் என்ற கிரேக்கர், ரோமானிய அரசு சிதறாமல் நிற்பதே தெய்வ பயத்தால்தான், கூட்டத்தை அடக்கிவைக்க அதை வேண்டுமென்றே ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ பறவைச் சகுனம் பார்க்கும் அரசுக் குழுவில் கி.மு. 53 முதல் உறுப்பினர். அதே சிசரோ கி.மு. 44இல் குறி பார்ப்பது பற்றி ஒரு நூல் எழுதி, அதன் இரண்டாம் பாகத்தில் அத்தனையையும் கிழித்துத் தொங்கவிட்டார். ஈரல் பார்த்துக் குறி சொல்பவன் தன்னைப்போல் இன்னொருவனை எதிரில் பார்த்தால் எப்படிச் சிரிக்காமல் இருக்கிறான் என்று பழைய அரசியல்வாதி மூத்த கேட்டோ வியந்ததையும் அங்கேதான் எடுத்துப்போடுகிறார்.

கிரேக்கர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலியில் எலும்பும் கொழுப்பும் சாமிக்கு, கறி மனிதனுக்கு. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

#2 அரைடிக்கெட்

கோழிக் கதையை விட்டுட்டீங்களே!

கி.மு. 249. ரோமோட எதிரி கார்த்தேஜோட கடல் சண்டை, சிசிலிப் பக்கம் ட்ரெபானா. கான்சல் (அந்த வருஷத்து ரோமோட தலைமை அதிகாரி) கிளாடியஸ் புல்கர் கப்பல்ல இருக்கார். சண்டைக்கு முன்னாடி சகுனக் கோழிகளுக்குத் தீனி போட்டுப் பார்க்கணும். அள்ளி அள்ளித் தின்னா நல்ல சகுனம். அன்னைக்குப் பார்த்துக் கோழி வாயே திறக்கலை. ‘திங்காட்டி குடிக்கட்டும்’னு மொத்தத்தையும் கடல்ல தூக்கிப் போட்டுட்டார் மனுஷன். அன்னைக்குப் போன கப்பல் 93. ஊருக்குத் திரும்பினதும் வழக்கு, அபராதம்.

இதுல பாருங்க, பெரிய மனுஷன் சிரிச்சார். ஆனா ஊர் சிரிக்கலை.

#3 பழஞ்சுவடி

வைகைக்கரை ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். எலும்பு சாமிக்கு, கறி மனிதனுக்கு என்ற பங்கீடு கிரேக்கர்களுக்கே உறுத்தியிருக்கிறது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் கதை அதற்குத்தான். மெக்கோனே என்ற இடத்தில் தெய்வங்களும் மனிதர்களும் பங்கு பிரித்துக்கொண்டபோது, மனிதர் பக்கம் நின்ற பிரமிதியஸ் என்ற தேவன் வெறும் எலும்புகளைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி ஒரு பக்கம் வைத்தான். நல்ல கறியை மாட்டின் இரைப்பைக்குள் ஒளித்து மறுபக்கம் வைத்தான். தெய்வங்களின் அரசர் ஸியூஸ் கொழுப்பு மூடிய பங்கை எடுத்தார்; ஆத்திரத்தில் மனிதரிடமிருந்து நெருப்பைப் பறித்தார். பிறகு நடந்த ஒவ்வொரு பலியும் அந்தப் பழைய ஏமாற்றை ஊரறியத் திரும்பச் செய்வதுதான். வெறும் பேரம் என்றால் இப்படி ஒரு குற்ற உணர்ச்சிக் கதை எதற்கு?

நடைமுறையைப் பாருங்கள். பலிபீடம் கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில், பெரும்பாலும் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும். கூட்டம் உள்ளே போய்க் கும்பிடும் இடமல்ல கிரேக்கக் கோயில். அது சிலைக்கு வீடு, காணிக்கைகளுக்குக் களஞ்சியம். ஊர்வலமாக விலங்கை அழைத்து வருவார்கள். ஒரு பெண் தலையில் கூடை சுமந்து வருவாள். அதில் வாற்கோதுமை மணி இருக்கும், மணிக்கு அடியில் கத்தி. கை கழுவி, விலங்கின் மேல் தண்ணீர் தெளித்து, மணியைத் தூவி, நெற்றி மயிரில் கொஞ்சம் வெட்டி நெருப்பில் போடுவார்கள். கழுத்தில் கத்தி இறங்கும் நொடியில் பெண்கள் ஓங்கிக் குலவையிடுவார்கள். ரத்தத்தைப் பிடித்துப் பலிபீடத்தின் மேல் தெளிப்பார்கள். தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி வால் பகுதியோடு எரிப்பார்கள். அந்த வால் நெருப்பில் மேல்நோக்கி வளைந்தால் நல்ல சகுனம். பானை ஓவியங்களில் வளைந்து நிற்கும் வாலை இன்றும் பார்க்கலாம். நம் காலத்தில் சிலர் மாட்டு வாலை எரித்தே பார்த்தார்கள், உண்மையிலேயே வளைகிறது.

ஈரல், இதயம், நுரையீரல் முதலியவற்றைக் கம்பியில் கோத்துச் சுட்டு, பலியிட்டவர்கள் அங்கேயே தின்பார்கள். மிச்சக் கறி கொப்பரையில் வேகும். பங்கு பிரித்துத் தருவார்கள். ஏதென்ஸைச் சேர்ந்த எர்கியா என்ற ஊரின் பலி நாட்காட்டி ஒன்று கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. செலவு ஐந்து பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, எந்த நாள், எந்தத் தெய்வம், என்ன விலங்கு, எத்தனை திராக்மா (வெள்ளிக் காசு) என்று வரிசையாக வரும். பன்றிக்குட்டி 3 திராக்மா. பல பதிவுகளின் முடிவில் ஒரு குறிப்பு: கறியை வெளியே கொண்டுபோகக் கூடாது. பலியிட்ட இடத்திலேயே கூடியிருந்து தின்று தீர்க்க வேண்டும். வெறும் கறிக்காக நடந்த காரியம் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க வேண்டியதில்லை.

#4 அரைடிக்கெட்

ஐயா, தோல் என்ன ஆச்சு? அவ்வளவு மாட்டை வெட்டினா தோலே ஒரு காசு ஆச்சே.

#5 பழஞ்சுவடி

நல்ல கேள்வி. சில இடங்களில் பூசாரிக்குச் சேரும், அது அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி. ஏதென்ஸில் பெரிய அரசுப் பலிகளின் தோலை அரசே விற்றது. கி.மு. 330களில் எந்தத் திருவிழாவில் எவ்வளவு தோல்பணம் வந்தது என்று கல்லில் கணக்கு வெட்டிவைத்திருக்கிறார்கள்.

கணக்கு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் ஃபிடியாஸ் என்ற சிற்பி செய்த அதீனா சிலையின் மேல் தங்கம் மட்டும் 40 தாலந்து எடை; கழற்றி எடுக்கும்படி பொருத்தியது. ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் மக்களுக்குச் சொத்துக் கணக்குச் சொல்லும்போது, ஆபத்துக்கு அந்தத் தங்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த அளவுக்குக் குறையாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்கிறார். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். அம்மனிடம் கைமாற்று வாங்கலாம், ஏமாற்றக் கூடாது. இதை வைகைக்கரை தன் கட்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

#6 நோட்டரி

இந்த இழையில் என் தொழிலுக்கு வேலை இருக்கிறது, அதனால் நுழைகிறேன்.

கி.மு. 217இல் டிராசிமேன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோம் உதை வாங்கியது. உடனே ஒரு நேர்த்திக்கடன்: ஐந்து வருடம் அரசு பிழைத்துக் கிடந்தால், ஒரு வசந்த காலத்தில் பிறக்கும் பன்றி, செம்மறி, ஆடு, மாட்டுக் குட்டிகளை தலைமைத் தெய்வமான ஜூபிடருக்குக் கொடுப்பது. வாசகத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி முழுசாகத் தருகிறார். சட்டம் படித்தவர்கள் ஒருமுறை அதைப் படித்துப் பார்க்க வேண்டும். கொடுக்க வேண்டிய குட்டி தானாகச் செத்தால் கணக்கில் சேராது, குற்றமும் ஆகாது. தெரியாமல் யாராவது அடித்துக் கொன்றால் குற்றமில்லை. யாராவது திருடினால் மக்கள் மேலும் பழி வராது, பறிகொடுத்தவன் மேலும் வராது. தெரியாமல் ஆகாத நாளில் பலியிட்டாலும் செல்லும். இரவோ பகலோ, அடிமையோ சுதந்திர மனிதனோ, யார் செய்தாலும் செல்லும். எந்த ஓட்டையும் விடவில்லை, எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து அடைத்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கடனைக் கி.மு. 195இல்தான் தீர்த்தார்கள். முறைப்படி நடக்கவில்லை என்று தலைமைக் குரு சொன்னார். மறுவருடம், 194இல், முழுவதையும் திரும்பச் செய்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஹன்னிபாலையும் எப்போதோ தோற்கடித்தாகிவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை. வெறும் பாசாங்காக இருந்தால் இரண்டாவது முறை எதற்கு அத்தனை கால்நடையைக் கொடுப்பார்கள்?

பேரம்தான், வைகைக்கரை சார். ஆனால் எதிர்த் தரப்பு ஒருவர் நிஜமாகவே இருக்கிறார், அவர் வாசகத்தை வரி வரியாகப் பார்ப்பார் என்று நம்பினால்தான் இப்படி எழுத முடியும்.

#7 வைகைக்கரை

> எதிர்த் தரப்பு ஒருவர் நிஜமாகவே இருக்கிறார்

இருக்கிறார், சரி. ஆனால் அவர் யார் என்பதே இவர்களுக்குத் தெரியவில்லையே. கேட்டோவின் விவசாய நூலில் ஒரு தோப்பை வெட்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய மந்திரம் இருக்கிறது. பன்றி ஒன்றைப் பலி கொடுத்து, ‘இந்தத் தோப்புக்கு உரியவர் ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ, யாராக இருந்தாலும்’ என்று ஆரம்பிக்க வேண்டும். நெருக்கமே இல்லாத ஒருவரிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. அதில் பக்தி எங்கே வருகிறது?

#8 நோட்டரி

தெரியாத சொத்துக்காரரிடம் அனுமதி வாங்காமல் மரத்தை வெட்ட மனசு வரவில்லை என்பதை ஏன் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?

இன்னொரு வழக்கும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 176. இரண்டு கான்சல்களும் பதவியேற்ற அன்று ஆளுக்கொரு மாடு பலியிடுகிறார்கள். பெட்டில்லியஸ் வெட்டிய மாட்டின் ஈரலில் தலைப்பகுதி இல்லை. இன்னொருவரான கொர்னேலியஸ் முகம் வெளுத்து, ரோமானிய ஆட்சி மன்றமான செனட் சபைக்குத் திரும்பி வந்து, தன் மாட்டின் ஈரல் கொப்பரையில் கரைந்து காணாமல் போய்விட்டது என்கிறார். பணியாளர்கள் சொன்னதை நம்பாமல் தானே தண்ணீரை வடிக்கச் சொல்லிப் பார்த்தாராம். மற்ற உறுப்பெல்லாம் அப்படியே இருக்க ஈரல் மட்டும் இல்லை. நல்ல சகுனம் வரும்வரை வெட்டிக்கொண்டே இருங்கள் என்று செனட் உத்தரவு போட்டது.

அதே வருடம் ஆல்பன் மலையில் லத்தீன் ஊர்களெல்லாம் கூடிச் செய்யும் லத்தீன் திருவிழா. அங்கே வந்த லனுவியம் ஊர் அதிகாரி, ஒரே ஒரு பலியின்போது ‘ரோமானிய மக்களுக்காக’ என்ற சொற்களை விட்டுவிட்டார். விஷயம் செனட்டுக்குப் போய், அங்கிருந்து குருமார் குழுவுக்குப் போய், முழுத் திருவிழாவையும் திரும்ப நடத்த வேண்டும், பலி விலங்குகளை லனுவியம்தான் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இதற்கிடையில் கொர்னேலியஸ் மலையிலிருந்து திரும்பும் வழியில் விழுந்து, ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போய், கூமே வெந்நீர் ஊற்றுக்குப் போன இடத்தில் இறந்தார். பெட்டில்லியஸ் லிகூரியச் சண்டையில் இறந்தார்.

லிவி இதை எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு. அவருக்கே இதைச் சொல்லும்போது கை நடுங்கியிருக்கும் போல.

#9 மலைக்கள்ளி

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். கான்சல், செனட், குருமார் குழு, திரும்பவும் கான்சல். ரோமிலும் கிரீஸிலும் இருந்த மக்களில் இவர்கள் எத்தனை பேர்? எழுதத் தெரிந்த பணக்காரன் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘ரோமானியனுக்குப் பக்தி கிடையாது’ என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

பிரிட்டனில் பாத் என்ற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அந்த மண்ணின் தெய்வமான சூலிஸையும் ரோமானிய மினர்வாவையும் ஒன்றாக்கி, சூலிஸ் மினர்வா என்று அங்கே கும்பிட்டார்கள். 1979, 80இல் ஊற்றுக்குள் தோண்டியபோது ஆயிரக்கணக்கான காசுகளோடு சுமார் 130 தகடுகள் கிடைத்தன. ஈயமும் தகரமும் கலந்த சின்னத் தகடுகள். கூரான கருவியால் கீறி எழுதி, சுருட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் திருட்டுப் புகார்.

டொசிமெடிஸ் என்பவனுக்கு இரண்டு கையுறை போய்விட்டது. எடுத்தவன் புத்தி பேதலிக்கட்டும், கண் போகட்டும் என்று கேட்கிறான். டொசிலியானஸுக்கு முக்காடு வைத்த மேலங்கி போய்விட்டது. எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திர மனிதனோ, அந்த அங்கியை உன் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கம் வரக் கூடாது, பிள்ளை பிறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறான். சில தகடுகளில் எழுத்தைத் தலைகீழாக மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் வெறும் கிறுக்கல்தான். எழுதத் தெரியாதவர் கிறுக்கிவிட்டாவது போட்டிருக்கிறார்.

குளிர் நாட்டில் மேலங்கியைப் பறிகொடுத்தவனுக்குச் சிசரோவின் தத்துவம் எதற்கு? அவனுக்குப் போக ஒரு இடம் வேண்டியிருந்தது, அது அந்த அம்மன்.

#10 அரைடிக்கெட்

அக்கா, இது அப்படியே நம்ம ஊர்ல காசு வெட்டிப் போடுறது!

#11 மட்டுறுத்துநர்

ஒப்பீடு இந்த ஒன்றோடு போதும். நம் ஊர்க் கோயில்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே கிரேக்கம், ரோமோடு நிற்போம்.

#12 வைகைக்கரை

மலைக்கள்ளி, உங்கள் சான்று என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. கையுறைக்குக் கண். இதுவும் பேரமே. கான்சல் பெரிய அளவில் செய்ததை இவன் சில்லறையில் செய்கிறான். நோய் தீர்க்கும் அஸ்க்ளெபியஸ் கோயில்களும் அப்படித்தான். எபிடாரஸில் பக்தர்கள் ஒரு மண்டபத்தில் படுத்துத் தூங்க, கனவில் தெய்வம் வந்து குணமாக்கும். குணமானதும் கட்டணம். ஆம்புரோசியா என்ற ஏதென்ஸ் பெண்ணுக்கு ஒரு கண் தெரியாது. கோயிலைச் சுற்றிப் பார்த்தபோது, நொண்டியும் குருடும் கனவு கண்டே குணமாகிறார்களாக்கும் என்று சிரித்தாள். அன்றிரவு கனவில் தெய்வம் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு அடையாளமாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வை என்றது. காலையில் கண் தெரிந்தது. கோயில் நிர்வாகம் கல்லில் வெட்டிவைத்த விளம்பரம் இது.

#13 மலைக்கள்ளி

அதே கல்வெட்டில் நாலு வரி தள்ளிப் படித்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

யூஃபனீஸ் என்று ஒரு சிறுவன், எபிடாரஸ் ஊர்க்காரன். கல்லடைப்பு. கோயிலில் படுத்துத் தூங்குகிறான். கனவில் தெய்வம் வந்து நின்று, உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்கிறது. ‘பத்து எலும்புக் காய்’ என்கிறான். ஆட்டின் கணுக்கால் எலும்பு, கிரேக்கப் பிள்ளைகள் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுவது. அவனிடம் இருந்த சொத்து அதுதான். தெய்வம் சிரித்துவிட்டு, உன் நோயை நிறுத்திவிடுகிறேன் என்றது. காலையில் பையன் குணமாகி எழுந்து வந்தான்.

விளம்பரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுதுபவன் எப்போதும் கேட்பவனின் மனதில் இருப்பதைத்தான் எழுதுவான். இந்தச் சாமி சிரிக்கும், ஏழைப் பையனின் பத்து எலும்பை வாங்கிக்கொள்ளும் என்று நம்பத் தயாராக இருந்த கூட்டம் எபிடாரஸ் வாசலில் நின்றது. எனக்கு அது போதும்.

ஆண்கள் யாரும் தொடாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. தெஸ்மோஃபோரியா. ஏதென்ஸில் இலையுதிர் காலத்தில் மூன்று நாள், கல்யாணமான பெண்கள் மட்டும் கூடும், விளைச்சல் தெய்வமான டிமீட்டரின் விழா. அதற்கு முன்பே பன்றிக்குட்டிகளைக் குழிக்குள் போட்டிருப்பார்கள். மூன்று நாள் தூய்மை காத்த பெண்கள் சிலர் குழிக்குள் இறங்கி, அழுகிய மிச்சத்தை வாரி எடுத்து வந்து பலிபீடத்தில் வைப்பார்கள். அதை விதையோடு கலந்து விதைத்தால் விளைச்சல் பெருகும். குழிக்குள் பாம்பு இருக்கும் என்பதால் கைதட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே இறங்குவார்களாம். அழுகல் நாற்றத்தில் இருட்டுக் குழிக்குள் இறங்கும் பெண்ணிடம் போய், இது ஒரு கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு அம்மா என்று சொல்லிப் பாருங்கள்.

#14 பழஞ்சுவடி

மலைக்கள்ளி சொன்னதோடு எலூசிஸ் என்ற ஊரில் நடந்த ரகசியச் சடங்கையும் சேர்க்க வேண்டும். அதே டிமீட்டர்தான். ஆனால் அங்கே தீட்சை பெறுவதை நகரம் யாருக்கும் கட்டாயமாக்கவில்லை. கிரேக்கம் புரிந்தால் போதும், கையில் கொலைப்பழி இருக்கக் கூடாது. பெண், அடிமை, வெளியூரார் எல்லாருக்கும் வழி உண்டு. ஆளுக்கொரு பன்றிக்குட்டியோடு கடலில் இறங்கிக் குளித்து, ஏதென்ஸிலிருந்து எலூசிஸ்வரை ஊர்வலமாகப் போய், இரவில் பெரிய மண்டபத்துக்குள் எதையோ பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குச் செத்த பிறகு நல்ல கதி. என்ன பார்த்தோம் என்பதைச் சொல்லக் கூடாது. ஏறக்குறைய ஆயிரம் வருடம் இந்த வழக்கம் நீடித்தது, ஆயிரக்கணக்கானோர் வருடாவருடம் போனார்கள். இருந்தும் உள்ளே நடந்ததன் மையம் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 415இல் அல்சிபியாடிஸ் தன் கூட்டாளிகளோடு ஒரு வீட்டில் அதைக் கேலியாக நடித்துக் காட்டினார் என்று குற்றச்சாட்டு வந்தது. சிசிலிப் படையெடுப்பின் நடுவில் தளபதியான அவரையே திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

சிசரோவைப் பற்றி ஒரு வார்த்தை. தெய்வங்களின் இயல்பு குறித்த அவருடைய உரையாடல் நூலில் கோட்டா என்று ஒருவர் வருகிறார். அவர் தலைமைக் குருமார் குழுவில் ஒருவர், அதே சமயம் எதையும் சந்தேகிக்கும் தத்துவப் பள்ளிக்காரர். தெய்வம் இருக்கிறது என்பதற்குக் காட்டப்படும் வாதங்களை வரிசையாக உடைக்கிறார். ஆனால் முன்னோர் விட்டுச்சென்ற சடங்குகளைக் காப்பேன், அதில் படித்தவன் படிக்காதவன் எவன் பேச்சுக்கும் அசைய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். இதை இரட்டை வேடம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வாதம் ஒரு இடத்தில், பலிபீடம் ஒரு இடத்தில். வைகைக்கரையின் கேள்வியில் உள்ள கோளாறே இங்கேதான். மனதுக்குள் என்ன நினைத்தாய் என்று கேட்ட கோயில் அந்தக் காலத்தில் அநேகமாக இல்லை.

#15 கப்பல்காரன்

மட்டுறுத்துநர் மன்னிக்க, இது ஒப்பீடு இல்லை, நேரடித் தொடர்பு.

பியூட்டிங்கர் வரைபடம் என்று ரோமானிய உலகின் சாலை வரைபடம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. பழைய மூலத்திலிருந்து இடைக்காலத்தில் எடுத்த பிரதி. அதில் இந்தியாவின் தென்கோடியில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வரைந்து அகஸ்டஸ் கோயில் என்று எழுதியிருக்கிறது. மிளகு வாங்க வந்த ரோமானிய வணிகர்கள் அங்கே குடியிருந்து தங்கள் பேரரசருக்குக் கோயில் வைத்திருந்தார்கள் என்பது பலர் எடுத்துக்கொள்ளும் பொருள். முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியதில் மத்தியதரைக்கடல் மதுச்சாடி ஓடுகள் ஏராளம் வந்தன, கோயில் வரவில்லை.

மறுகரையில் சான்று இன்னும் உறுதி. செங்கடலில் எகிப்தின் பெரனிகே துறைமுகம். அங்கே செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்று பாதி புதைந்து கிடந்தது. உள்ளே சுமார் ஏழரைக் கிலோ மிளகு, கி.பி. 1ஆம் நூற்றாண்டு. அதே ஊர் ஐசிஸ் கோயிலில் 2022இல் ஒரு புத்தர் சிலையும் கிடைத்தது. ஒரே கோயிலுக்குள் எகிப்தியத் தெய்வத்துக்குப் பக்கத்தில் புத்தர் நின்றதைப் பற்றி அங்கே யாரும் சண்டை போட்ட மாதிரி தெரியவில்லை.

#16 அரைடிக்கெட்

சண்டை போடலைன்னா, கிறிஸ்தவங்களைச் சிங்கத்துக்குப் போட்டது யாரு? எல்லாச் சாமியையும் ஏத்துக்கிட்டவங்க அந்த ஒரு சாமியை மட்டும் ஏன் ஏத்துக்கலை?

#17 நோட்டரி

முதலில், எல்லாச் சாமியையும் ஏற்கவில்லை. கி.மு. 204இல் செனட்டே ஆள் அனுப்பி ஆசியா மைனரிலிருந்து மகா அன்னை என்ற தெய்வத்தின் கறுப்புக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்தது. அதே செனட் 186இல் மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டுக் கூட்டங்களை ஒடுக்கியது. அந்த ஆணை பொறித்த வெண்கலத் தகடு இன்றும் இருக்கிறது. ஆணையைப் படித்தால் தெரியும், பாக்கஸைக் கும்பிடுவதைத் தடுக்கவில்லை. ஐந்து பேருக்கு மேல் சேரக் கூடாது, பொதுப்பணம் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆண் பூசாரி கூடாது, தங்களுக்குள் சத்தியப் பிரமாணம் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் செனட்டிடம் அனுமதி வாங்கு. அவர்கள் பயந்தது சாமிக்கு அல்ல, கூட்டத்துக்கு.

கிறிஸ்தவர்கள் விஷயத்தில் சிக்கல், அவர்கள் தங்கள் சாமியைக் கும்பிட்டது அல்ல, மற்றவற்றுக்குப் பலியிட மறுத்தது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், நான் நடவடிக்கை எடுத்த பிறகு வெறிச்சோடிய கோயில்களுக்கு ஜனங்கள் மறுபடி வருகிறார்கள், வாங்க ஆளில்லாமல் கிடந்த பலிக்கறி மறுபடி விற்கிறது என்கிறார். பிளினியின் கண்ணில் பக்தியை அளக்கும் கருவி கறிக்கடை.

#18 வைகைக்கரை

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைத் தொடங்கியதில் எனக்குத் திருப்தி. ஆனாலும் ஒரு சந்தேகம். பழஞ்சுவடி ஐயா சொன்னபடி மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காத சமூகம் என்றால், பலியிட மறுத்தவனை ஏன் தேடிப் பிடிக்க வேண்டும்? எவனோ நாலு பேர் வராவிட்டால் திருவிழா நின்றுவிடுமா?

#19 பழஞ்சுவடி

நீண்ட காலம் தேடிப் பிடிக்கவில்லை. டிராஜனே பிளினிக்கு எழுதிய பதிலில், அவர்களைத் தேடிப் போகாதே என்கிறார். பெயரில்லாத மொட்டைக் கடிதப் புகாரை எடுக்காதே என்றும் சொல்கிறார். நிலைமை மாறியது பேரரசர் டீசியஸ் காலத்தில். எல்லைகளில் தோல்வி, அரியணைக்கு அடுக்கடுக்காகப் போட்டி. கி.பி. 249 முடியும் நேரத்தில் பேரரசு முழுவதும் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை வந்தது.

அதுவரை பலி என்பது நகரம் செய்வது, ஊர் செய்வது, குடும்பத் தலைவர் செய்வது. முதன்முறையாக ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக அதிகாரிகள் முன் வந்து செய்துகாட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. எகிப்தில் பாப்பிரஸில் அப்படிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது ஆணைப்படி உங்கள் முன்னிலையில் மதுவார்த்து, பலியிட்டு, பலிக்கறியைச் சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன். கீழே அதிகாரிகள், ‘நீ பலியிட்டதைப் பார்த்தோம்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பார்த்தோம் என்பதோடு சரி. நம்புகிறாயா என்று அப்போதும் கேட்கவில்லை.

#20 மலைக்கள்ளி

அதில் ஒரு சான்றிதழ் அர்சினோயே ஊர் அவுரேலியா அம்மோனூஸ் என்ற பெண்ணுக்கு. அவள் பெட்டசூகோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பூசாரிணி.

#21 அரைடிக்கெட்

பூசாரியம்மாவே சர்டிபிகேட் வாங்க வரிசையில நின்னாங்களா?!

#22 நோட்டரி

ஆணையில் ‘எல்லாரும்’ என்று இருந்தால் எல்லாரும்தான். அந்த ஒரு காகிதம் இருப்பதால்தான், அது கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்த ஆணை அல்ல என்று வாதாட முடிகிறது. விதிவிலக்கு வைக்காமல் வாசகம் எழுதியவன் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

#23 வைகைக்கரை

அல்லது நன்றாக யோசித்திருக்கிறான். கோட்டாவின் பலிபீடமும் யூஃபனீஸின் பத்து எலும்பும் எனக்கு இன்னும் ஒரே கூடைக்குள் அடங்கவில்லை. சிறுவன் விஷயத்தில் மலைக்கள்ளி பக்கம் சாய்கிறேன், செனட் விஷயத்தில் என் கட்சியில்தான் இருக்கிறேன். மித்ராஸ் என்ற தெய்வத்தின் குகைக் கோயில்களைப் பற்றி யாருமே பேசவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.